பால் ஏன் மஞ்சளா இருக்கு?

மதராஸிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து ஷபீ அஹமது வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார். அவர் மனைவி நசீமுன்னிசா அதைக் கவனித்தாள்.

பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருக்கும் அண்ணன் அப்துல் ஹமீத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், மகன் ரஷீதுக்கு வெல்வெட் குல்லா ஒன்றும் ஜரிகைக் கரை போட்ட சட்டையும் கொண்டுவந்தார். மனைவிக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. அவளும் கேட்கவில்லை. சீமைக்குப் போகிற சரக்கு விலை விழுந்து ஆம்பூரில் தோல் பதனிடுகிற பல ஷாப்புகள் கதவடைத்துக் கிடக்கிற காலம். ஷபீ அஹமது மேற்பார்வை பார்க்கிற ஷாப் அண்ணனுடையது. குடியிருக்கும் வீடும் அண்ணனுடையது. இரண்டும் கையை விட்டுப் போகப்போகிறதோ என்று நசீமுன்னிசா பயந்துகொண்டிருந்தாள்.

பாவம், பறிபோக இருந்தது அது இரண்டும் இல்லை என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

வியாழக்கிழமை காலை ரஷீத் பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தான். நாலு வயது. எதைக் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பான்.

"அம்மா, பால் ஏன் மஞ்சளா இருக்கு?"

"மஞ்சளா? வெள்ளையாத்தான் இருக்கு. குடி."

"இல்ல, மஞ்சளா இருக்கு. செவுரும் மஞ்சளா இருக்கு. உன் மூஞ்சியும் மஞ்சளா இருக்கு."

நசீமுன்னிசா சிரித்துவிட்டாள். "நேத்து அப்பா கூட ஷாப்புக்குப் போனே இல்ல? மலை மாதிரி பட்டை குவிச்சு வெச்சிருப்பாங்களே, அதைப் பார்த்த கண்ணு. இன்னும் ரெண்டு நாளைக்கு உனக்கு எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும்."

ஆம்பூரில் வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம் பட்டை ஊறின தண்ணீர் அந்த ஊரில் படாத இடம் கிடையாது. ஆண்களின் நகக்கண், வேட்டி, கைக்குட்டை எல்லாவற்றிலும் அந்த மஞ்சள் ஏறியிருக்கும். மஞ்சள் கறையைப் பார்த்தால் ஷாப் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பது அங்கே பெண்களுக்குப் பழக்கம்.

கொல்லையில் துணி துவைக்கிற கோவிந்தம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். ரஷீதின் பைஜாமாவை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"இன்னாம்மா இது, சின்ன முதலாளி தொட்டியில எறங்கி வேலை செஞ்சாரா? முன்பக்கம் பூரா மஞ்சக்கறை."

"நேத்து ஷாப்புக்குப் போயிருந்தான்."

"அதான பார்த்தேன். இந்த வயசுலேயே ஆள் கூலியை மிச்சம் பண்றாரு."

"எலுமிச்சந்தோலு போட்டுத் தேய். வாய் கம்மியா, கை ஜாஸ்தியா இருக்கட்டும்."

"என் கைக்கு வாய்தான்மா துணை" என்று கோவிந்தம்மாள் கல்லில் துணியை அறைந்தாள்.

அதற்குள் உள்ளே ரஷீத் வாந்தி எடுத்தான்.

முதலில் பால் வந்தது. பிறகு நுரையாக ஏதோ வந்தது. நசீமுன்னிசா அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது. அவன் விரல்கள் அவள் முந்தானையைப் பிடிக்கப் பார்த்து, பிடிக்க முடியாமல் நடுங்கின.

"ஆபா! ஆபா, இங்க வாங்களேன்!"

ஆபா என்று அவள் கூப்பிட்டது கணவரின் அக்கா அக்தரி பேகத்தை. புருஷன் செத்துப்போய்த் தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவர். நசீமுன்னிசா மருமகளாக வந்தபோது அவளுக்குத் தலைவாரிப் பூ வைத்தவர் அவர்தான். பெற்ற தாயிடம் சொல்லாததைக்கூட நசீமுன்னிசா ஆபாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அக்தரி பேகம் ஓடிவந்தார். பிள்ளையைப் பார்த்தார். தொடக்கூட இல்லை. முகம் வெளுத்து, வந்த வழியே தம் அறைக்குத் திரும்பிப் போனார்.

அது நசீமுன்னிசாவுக்கு விசித்திரமாகப் பட்டது. ரஷீத் தும்மினால் சாம்பிராணி போடுகிறவர் அவர்.

அப்போதுதான் அவள் கண் கொல்லைக் கொடியின் மேல் போனது. நேற்று ஷாப்புக்குப் போட்டுக்கொண்டு போன நீலக்கோடு பைஜாமா அங்கே காய்ந்துகொண்டிருந்தது. கோவிந்தம்மாள் காட்டின வெள்ளைப் பைஜாமா இன்று காலையில் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டது. அது ஷாப் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

அப்படியானால் அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? பிள்ளையின் உடம்பிலிருந்துதான், சிறுநீரோடு வந்திருக்கிறது.

அவள் ரஷீதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபாவின் அறைக்கு ஓடினாள். அக்தரி பேகம் மரப்பெட்டியின் முன்னால் மண்டியிட்டுத் துணிகளை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா தேடறீங்க ஆபா?"

நசீமுன்னிசாவின் காலில் தகரம் ஒன்று தட்டுப்பட்டது. கட்டிலடியில் உருண்டு கிடந்த சின்ன டப்பா. மூடி தனியாகக் கிடந்தது. மேலே கொழுகொழுவென்று சிரிக்கும் வெள்ளைக்காரக் குழந்தையின் படம். சுற்றிலும் அவளுக்குப் படிக்கத் தெரியாத இங்கிலீஷ் எழுத்து. உள்ளே ரோஜா நிறத்தில் ஒரே ஒரு மிட்டாய் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது இன்னா?"

"மிட்டாய்தான்... மதராஸ் மிட்டாய்."

"எனக்குத் தெரியாம எப்போ வந்துச்சு?"

"மொதல்ல பிள்ளையைப் பாரு நசீமா" என்றார் அக்தரி பேகம். அவர் குரல் அவருடையதாகவே இல்லை.

ரஷீத் தாயின் தோளிலிருந்து முனகினான். "பூபி தெனம் ஒன்னு தருவாங்க. அம்மாகிட்ட சொல்லக்கூடாது."

பூபி என்று அவன் சொல்வது அத்தையை. தன்னிடம் சொல்லக்கூடாதென்று தன்னிடமே சொல்கிற அந்தக் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு, நசீமுன்னிசா ஆபாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க நேரமில்லை. கோவிந்தம்மாளை ஷாப்புக்கும், அங்கிருந்து டாக்டர் வீட்டுக்கும் விரட்டினாள்.

*

ஷபீ அஹமதுதான் முதலில் வந்தார். ஷாப்பிலிருந்து ஓடி வந்ததில் கோட்டுப் பொத்தான்கள் திறந்து கிடந்தன.

நசீமுன்னிசா டப்பாவை அவர் கையில் கொடுத்தாள். "இதைத்தாங்க தின்னிருக்கான். டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆபா மிட்டாய்னு சொல்றாங்க, எனக்கென்னமோ நம்பிக்கை இல்ல."

அவர் டப்பாவைப் பார்த்தார். ஆபாவைப் பார்த்தார். பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நான் பார்த்துக்கறேன். நீ உள்ள போ. டாக்டர் வர்ற நேரம்."

அந்த வீட்டு வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். டாக்டர் கோதண்டபாணி பல வருஷமாக அந்த வீட்டுக்கு வருகிறார். ஆனாலும் நசீமுன்னிசாவின் முகத்தை அவர் பார்த்ததில்லை. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே பச்சைத் திரை தொங்கும். டாக்டர் கூடத்தில் உட்கார்ந்து கேட்பார். ஷபீ அஹமது திரையருகே போய் அதைத் திருப்பிக் கேட்பார். உள்ளேயிருந்து அவள் மெல்லச் சொல்வதை அவர் வந்து டாக்டரிடம் சொல்வார். வயதான விதவை என்பதால் அக்தரி பேகம் மட்டும் முக்காட்டோடு வெளியே வந்து நிற்பார். நசீமுன்னிசாவுக்கு வந்த காய்ச்சலுக்கும் பிள்ளைக்கு வந்த கக்குவானுக்கும் அப்படித்தான் மருந்து கிடைத்தது. ஒரு தடவையும் ஒரு சொல் மாறிப்போனதில்லை.

டாக்டர் வந்தார். அக்தரி பேகம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் நாடி பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"என்ன சாப்பிட்டான், ஷபீ பாய்?"

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர். நேத்து ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். பட்டைத் தண்ணியை அள்ளிக் குடிச்சிருப்பான்னு நினைக்கிறேன்."

நசீமுன்னிசா அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

பதற்றத்தில் மறந்துவிட்டார் போல. அவள் திரையை ஒட்டி நின்று, "ஏங்க, டப்பா... அந்த டப்பாவைக் காட்டுங்க" என்றாள்.

"உள்ளே என்ன சொல்றாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

ஷபீ அஹமதின் குரல் தெளிவாக வந்தது.

"அவங்களும் அதையேதான் சொல்றாங்க டாக்டர். பட்டைத் தண்ணிதான்."

நசீமுன்னிசாவுக்குக் காதில் விழுந்தது புரியச் சிறிது நேரம் ஆயிற்று. தன் வாய்ச் சொல்லை எடுத்துக்கொண்டு போய் வழியிலேயே மாற்றிவிட்டார். அவள் சொன்னது ஒன்று. அவள் பெயரால் போய்ச் சேர்ந்தது இன்னொன்று. வெளியே ஆபா உட்கார்ந்திருக்கிறார். அவர் காதிலும் விழுந்திருக்கும். அவரும் வாயைத் திறக்கவில்லை.

"சுண்ணாம்புக் குழி பக்கம் போனானா?"

"இல்லை டாக்டர்."

"பட்டைத் தண்ணி மட்டும்னா அவ்வளவு பயம் இல்லை. ஆனா இந்த நடுக்கம்தான் எனக்குப் பிடிபடலை." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "சரி, முதல்ல வயிறு காலியாகட்டும். வீட்டுல விளக்கெண்ணெய் இருக்குமே, கொண்டாங்க."

அக்தரி பேகம் எழுந்து போய்க் கிண்ணத்தில் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். ரஷீத் பல்லைக் கடித்துக்கொண்டான். "வாயைத் திற கண்ணு, திற ராஜா" என்று அத்தை கெஞ்சினார். கரண்டி பல்லில் மோதுகிற சத்தம் திரைக்குள் கேட்டது.

"அம்மா!" என்று ரஷீத் அலறினான்.

நசீமுன்னிசா திரையைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"உள்ள போ!" என்றார் ஷபீ அஹமது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அந்நிய ஆண் ஒருவர் முன்னால், முகம் திறந்தபடி, தன் கணவரின் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். டப்பாவை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

"நான் சொன்னது வேற டாக்டர். இவரு உங்ககிட்ட சொன்னது வேற. பிள்ளை தின்னது இதைத்தான்."

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்தார். படித்ததும் நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"எண்ணெயைத் தூரப் போடுங்க! உள்ளே போச்சா? ஒரு சொட்டாவது போச்சா?"

"இல்ல... துப்பிட்டான்" என்றார் அக்தரி பேகம்.

"நல்ல காலம். இது பூச்சி மருந்தும்மா. சாண்டோனின்னு பேர். குழந்தைங்க சாப்பிடணும்னு சர்க்கரை பூசி மிட்டாய் மாதிரி பண்றாங்க. எண்ணெய்ல கரையற மருந்து. மேல எண்ணெயை ஊத்தியிருந்தா இருக்கிறது பூராவும் உடம்புல ஏறியிருக்கும்." அவர் பையைத் திறந்துகொண்டே கேட்டார். "எல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னு எப்பவாவது சொன்னானா?"

"காலையிலேயே சொன்னான் டாக்டர்" என்றாள் நசீமுன்னிசா. "நான் சிரிச்சேன்."

"டப்பாவுல எத்தனை இருந்தது? எத்தனை மிச்சம்?"

டாக்டர் ஷபீ அஹமதைத்தான் கேட்டார். ஷபீ அஹமது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், எனக்கு நேரமில்லை!"

"ஒரு டஜன்" என்றார் அக்தரி பேகம். "நான் ரெண்டு குடுத்தேன். ஒன்னு டப்பாவுல இருக்கு. மிச்சத்தை அவனே... நான் விடியக்காலையில தொழுதுட்டிருந்தேன்."

டாக்டர் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. ரப்பர் குழாயை எடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் கையையும் காலையும் பெற்றவளே அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குழாய் வழியே தண்ணீர் உள்ளே போயிற்று, ரோஜா நிறமாகத் திரும்பி வந்தது. மறுபடி போயிற்று, வெளுத்து வந்தது. நடுவில் ஒருமுறை அவன் உடம்பு வில்லாக வளைந்தது. கண் மேலே செருகிக்கொண்டது. தாடை இறுகிவிட்டது. "பிடிச்சுக்கோங்கம்மா, விடாதீங்க" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே கைக்குட்டையை மயக்க மருந்தில் நனைத்து அவன் மூக்கருகே காட்டினார். அவள் விடவில்லை. அவன் பெயரைத் தவிர அவள் வாயில் வேறு சொல்லே வரவில்லை.

மெல்ல மெல்ல அந்தச் சின்ன உடம்பு தளர்ந்தது. தளர்ந்ததும் அவள் இன்னும் பயந்தாள். மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது.

பிற்பகல் தொழுகைக்கு அழைப்பு வந்த பிறகுதான் டாக்டர் பையை மூடினார். "பேதி உப்பு கொடுத்திருக்கேன். மருந்து மிச்சம் இருந்தா போயிடும். அறை இருட்டா இருக்கட்டும். சத்தம் கூடாது. மறுபடி இழுப்பு வந்தா உடனே ஆள் அனுப்புங்க. நான் சொல்ற வரைக்கும் பிள்ளையை எங்கேயும் கொண்டுபோகக்கூடாது."

வழக்கமாக இதையெல்லாம் ஷபீ அஹமதிடம் சொல்லிவிட்டுப் போகிறவர், இன்றைக்கு அவளைப் பார்த்தே சொன்னார். வாசற்படியில் நின்று மறுபடி திரும்பினார்.

"இனிமே நான் கேட்கிறதுக்கு நீங்களே பதில் சொல்லுங்கம்மா."

*

ரஷீத் தூங்கினான். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தார்கள். அடுத்த அறையில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, நசீமுன்னிசா நின்றாள். அவளுக்கு எதிரே ஷபீ அஹமது. சுவரோரமாக அக்தரி பேகம்.

"யார் குடுக்கச் சொன்னது ஆபா?"

"நசீமா, நான் வேணாம்னுதான் சொன்னேன்..."

"யாருன்னு கேட்டேன்."

"பாபி அனுப்பினாங்க" என்றார் அக்தரி பேகம். பாபி என்றது மதராஸிலிருக்கும் அப்துல் ஹமீத்தின் மனைவி சுகரா பேகத்தை. "அவங்க டாக்டர் சொன்னாராம். நம்ம பக்கத்துப் பசங்களுக்கு வயித்துல பூச்சி ஜாஸ்தி, வர்றதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணிடுங்கன்னு."

"எங்க வர்றதுக்கு முன்னாடி?"

அக்தரி பேகம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க வர்றதுக்கு முன்னாடி ஆபா?"

ஷபீ அஹமது தொண்டையைச் செருமினார். "நானே சொல்லலாம்னு இருந்தேன். நேரம் பார்த்துட்டிருந்தேன். அண்ணனுக்குப் பிள்ளை இல்ல. அவ்வளவு பெரிய மண்டி, இந்த ஷாப், வீடுங்க... நாளைக்கு யாருக்கு? அண்ணன் நம்ம ரஷீதைக் கேட்டாரு. சரின்னுட்டேன்."

"சரின்னுட்டீங்க."

"அவன் நல்லதுக்குத்தான் நசீமா. அங்க கான்வென்ட் படிப்பு. மோட்டார் கார். இங்க இன்னா இருக்கு? ஷாப் இந்த வருஷம் தாங்குமான்னே தெரியல. பட்டை நாத்தத்துல வளரணுமா அவன்?"

"நல்லதுன்னா என்கிட்ட சொல்லித்தானே செஞ்சிருக்கணும். எதுக்கு மறைச்சீங்க?"

"நீ ஒத்துக்க மாட்டே."

"தெரிஞ்சிருக்கு இல்ல?" என்றாள் அவள். "எனக்கு இனிமே பிறக்காதுன்னு வேலூர் டாக்டரம்மா சொன்னப்போ நீங்கதானே வந்து எனக்குச் சொன்னீங்க? சொல்லிட்டு அழுதீங்க. நமக்கு ரஷீத் ஒருத்தன் போதும்னு சொன்னீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, அதை விடுங்க. பிள்ளையைக் குடுக்கறதா வாக்குக் குடுத்தீங்க. அது ஒரு பாவம். ஆனா காலையில உங்க பையில டப்பா இருந்துச்சு. டாக்டர் கேட்டாரு, என்ன சாப்பிட்டான்னு. பிள்ளை கை நடுங்கிட்டிருக்கு. அப்போ எப்படிங்க வாயை மூடிட்டு நின்னீங்க?"

"வயித்தைக் கழுவப் போறாரு. எதைத் தின்னிருந்தாலும் கழுவறது கழுவறதுதானேன்னு நினைச்சேன். டப்பாவைக் காட்டினா ஏது, எவருன்னு கேள்வி வரும். நீ உள்ள நின்னு கேட்டுட்டிருந்தே. இன்னிக்கு ஒரு நாள் கடந்தா..."

"இன்னிக்கு ஒரு நாளா? ஏன், இன்னிக்கு இன்னா?"

ஷபீ அஹமது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சாயங்கால வண்டியில வர்றாங்க. அண்ணனும் பாபியும். கூட்டிட்டுப் போக."

நசீமுன்னிசா சிரிக்கப் பார்த்தாள். காலையில் சிரித்தது நினைவுக்கு வந்து உதடு அப்படியே நின்றுவிட்டது. வெல்வெட் குல்லா, ஜரிகைச் சட்டை. நேற்று அவனுக்கு அதைப் போட்டு அழகு பார்த்துத் திருஷ்டி கழித்தவள் அவளேதான்.

அக்தரி பேகம் அவள் காலருகே வந்து உட்கார்ந்தார். "நான் இன்னா பண்ணுவேன் நசீமா? நான் தின்றது தம்பிங்க போடற சோறு. பெரியவன் சொன்னா நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா? வாய் திறக்காதேன்னு இவனும் சத்தியம் வாங்கிட்டான்."

"ஆபா, நான் உங்ககிட்ட மறைச்சது ஒன்னாவது இருக்கா?"

"இல்ல."

"என் பிள்ளைக்கு என்கிட்டயே மறைக்கக் கத்துக் குடுத்துட்டீங்களே."

அக்தரி பேகம் முக்காட்டைக் கண்ணில் அழுத்திக்கொண்டார். நசீமுன்னிசா காலை நகர்த்திக்கொண்டு மகனின் அறைக்குப் போனாள். கதவை உள்ளிருந்து சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தத்தை அந்த வீட்டில் அதுவரை பகலில் யாரும் கேட்டதில்லை.

*

மாலை விளக்கு வைத்த நேரத்தில் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. அப்துல் ஹமீத்தின் கனத்த குரல் கேட்டது. ஷபீ அஹமது ஏதோ அவசரமாகத் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. "என்ன? பிள்ளைக்கா? இப்போ எப்படி இருக்கான்?" என்று ஒரு பெண் குரல் உயர்ந்தது. அதற்குப் பிறகு கதவு தட்டப்பட்டது.

"நசீமா, நான் சுகரா. திறம்மா."

நசீமுன்னிசா தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் மட்டும்தான் நிக்கிறேன். அவங்க எல்லாரும் வாசல்ல இருக்காங்க."

அவள் திறந்தாள். சுகரா பேகம் பயண புர்காவோடு உள்ளே வந்தார். கையில் மரத்தில் செய்த சின்னக் குதிரை பொம்மை இருந்தது. கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் பொம்மையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையிலேயே வைத்துவிட்டு, அவன் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவன் பாதத்தின் மேல் கையை வைத்தார்.

"யா அல்லா, இவ்வளவு சின்னக் காலு" என்றார். அழுதார்.

ரஷீத் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

"என் மேல கோபமா இருப்பே. இருக்கணும். அந்த மருந்தை நான்தான் குடுத்தனுப்பினேன். ராத்திரி ஒன்னு, ஒன்னுக்கு மேல கூடாது, பூட்டி வெக்கணும், எல்லாம் ஷபீகிட்ட சொல்லித்தான் அனுப்பினேன். உன்கிட்ட சொல்லலையா?"

"என்கிட்ட எதுவுமே சொல்லலை பாபி."

அந்த 'எதுவுமே'யைச் சுகரா பேகம் கவனிக்கவில்லை. தம் நினைப்பிலேயே பேசிக்கொண்டு போனார்.

"உன்னை மாதிரி மனசு யாருக்கு வரும் நசீமா? ஷபீ வந்து சொன்னப்போ நான் நம்பவே இல்ல. நீயே வாய் திறந்து சொன்னியாமே, 'எனக்கு அல்லா இன்னும் குடுப்பான், பாபிக்கு இவன் இருக்கட்டும்'னு. அன்னிக்கு ராத்திரி பூரா நான் தூங்கலை. மாடியில கெழக்குப் பார்த்த அறையைக் காலி பண்ணி, அவனுக்குன்னு கட்டில் போட்டு..."

அவர் பேச்சு நின்றது. நசீமுன்னிசாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தார்.

"நீ சொல்லலையா?"

"இன்னிக்கு மதியத்துக்கு அப்புறம்தான் பாபி எனக்கே தெரியும்."

"அந்த வார்த்தை..."

"எனக்கு இனிமே பிறக்காது. அது அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் என் வாயில அந்த வார்த்தையை வெச்சு உங்ககிட்ட கொண்டுவந்திருக்காரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அப்துல் ஹமீத் எதற்கோ உரக்கப் பேசினார். ஷபீ அஹமது பதிலுக்குச் சிரிப்பதுகூடக் கேட்டது. அண்ணன் முன்னால் அவர் எப்போதும் சிரிக்கிற சிரிப்பு.

சுகரா பேகம் தரையில் கிடந்த மரக்குதிரையைப் பார்த்தார். பிள்ளை இல்லாத வீட்டில் கட்டிலும் போட்டு, பொம்மையும் வாங்கி, இரண்டு வாரமாக ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டவர் அவர். அவரையும் ஏமாற்றித்தான் இருக்கிறார்கள். நசீமுன்னிசாவுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் அவளிடம் அன்றைக்கு இரக்கம் மிச்சமில்லை.

"பாபி, பிள்ளையை நான் குடுக்க மாட்டேன். இந்த வீடு உங்களோடது. ஷாப்பும் உங்களோடது. போகச் சொன்னா, டாக்டர் விட்டதும் இவனைத் தூக்கிட்டுப் போயிடறேன். எங்கன்னு கேட்காதீங்க, எனக்கே தெரியாது. ஆனா இதை நானே என் வாயால சொல்றேன். வேற யார் வந்து நான் சொன்னதா எதைச் சொன்னாலும் நம்பாதீங்க."

சுகரா பேகத்தின் கண்ணீர் மோவாய் வரை இறங்கிப் புர்காவில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சரி" என்றார் கடைசியில்.

ஆனால் ரஷீதின் பாதத்தின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.